உதட்டுக்கு ஏற்ற நேர அட்டவணை: வட்டார ஹார்ன் பட்டறை – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் பள்ளி பேண்டுகளில் கிளாரினெட், டிரம்பெட் வரிசைகள் நிரம்பி வழியும். ஹார்ன் (ஃபிரெஞ்சு ஹார்ன் எனப்படும், சுருண்ட பித்தளைக் குழல் வாத்தியம்) நாற்காலியில் இரண்டு பேர் இருந்தால் பெரிது. சின்ன ஊர் என்றால் ஒருவர்தான். பேண்ட் ஆசிரியருக்கு எல்லா வாத்தியமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அவருடைய சொந்த வாத்தியம் ஹார்னாக இருப்பது அபூர்வம். ஆகவே அந்தப் பிள்ளை தன்னைவிட நன்றாக ஹார்ன் வாசிக்கிறவரின் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்காராமலே நான்கு வருடத்தை முடித்துவிடும். வட்டாரப் பட்டறைகள் ஈடுகட்ட வேண்டிய குறை இதுதான். ஆனால் அவற்றில் பல, வெளியூர்க் கலைஞரின் கச்சேரியை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குகின்றன. அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

பின்னணி சுருக்கமாக. 1969 ஜூனில் ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் முதல் சர்வதேச ஹார்ன் பட்டறை நடந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச ஹார்ன் சங்கம் உருவாயிற்று. முதல் தலைவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த பாரி டக்வெல். 1971இல் சங்கத்தின் ‘தி ஹார்ன் கால்’ இதழ் வந்தது. அதே ஆண்டுக் கூட்டத்தில், வாத்தியத்தை ஆங்கிலத்தில் வெறும் ‘ஹார்ன்’ என்று சொன்னால் போதும், ‘ஃபிரெஞ்சு’ ஒட்டு வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் இன்னும் அந்த ஒட்டு போகவில்லை. போகட்டும், நம் கோயில் கொம்பும் உதடு அதிர, குழாய்க்குள் காற்று அதிரும் அதே இனம்தான், வால்வு இல்லாதது மட்டும் வித்தியாசம்.

சங்கத்தின் ஆண்டு மாநாடு நாடு நாடாக நகரும்: 1995இல் ஜப்பானின் யமகாட்டா, 2000இல் பெய்ஜிங், 2006இல் கேப் டவுன், 2010இல் பிரிஸ்பேன், 2014இல் லண்டன், 2017இல் பிரேசிலின் நடால், 2019இல் பெல்ஜியத்தின் கென்ட். அதற்குக் கீழே அமெரிக்காவில் வடகிழக்கு, தென்கிழக்கு, மத்திய மேற்கு என்று பகுதிவாரியாகப் பட்டறைகள். ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் முறைவைத்து, பெரும்பாலும் குளிர்காலக் கடைசியில் ஒரு வார இறுதியில் நடத்தும். இந்த ஆய்வு பார்ப்பது அந்தக் கீழ் அடுக்கைத்தான். கணக்குக்காக 64 பேர் வரும் பட்டறையை வைத்துக்கொள்வோம்: பாதி பள்ளி மாணவர்கள், கால்வாசி கல்லூரி மாணவர்கள், மீதி ஆசிரியர்களும் இருபது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்திருக்கும் நடுவயதுக்காரர்களும்.

உதட்டுக் கணக்கு

வழக்கமான சனிக்கிழமை அட்டவணையை ஒரு பள்ளி மாணவியின் உதட்டில் வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். காலை 8:30க்கு கூட்டு வார்ம்-அப், 45 நிமிடம். பிறகு நால்வர் குழுவாகப் புது இசை நோட்டுகளைப் பார்த்து வாசிப்பது, 60. பகல் 12 மணிக்கு முன் பெருங்குழு ஒத்திகை, 60. மதியம் தனிவாசிப்புப் போட்டி, அதற்கு முன் மூலையில் நின்று ஊதிப் பார்ப்பதையும் சேர்த்து 15. அப்புறம் விற்பனைக் கூடத்தில் புது ஹார்ன்களை எடுத்து ஊதுவது, 45. மாலை இரண்டாம் ஒத்திகை, 60. கடைசியில் கச்சேரி, 30. மொத்தம் 315 நிமிடம்; ஐந்தேகால் மணி நேரம். வீட்டில் தினம் 40 நிமிடம் பயிற்சி செய்கிற பிள்ளை இது.

உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸின் உள்விட்டம் ஏறத்தாழ 17 முதல் 18 மில்லிமீட்டர். அந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கும் தசைதான் முழு நாளும் உழைக்கிறது. அது களைத்தால் பிள்ளை என்ன செய்யும்? மவுத்பீஸை உதட்டில் இன்னும் அழுத்தும். அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும், உதடு மரத்துப்போகும், மேல் சுரம் விரிசல் விடும். விரிசல் விட்டதும் இன்னும் அழுத்தும். மாலைக் கச்சேரியில் அரங்கம் முழுக்க ‘கிர்’ரென்று உடைகிற மேல் சுரங்களுக்கு மூல காரணம் திறமைக் குறைவு அல்ல, காலை அட்டவணை.

இதில் யார் கண்ணிலும் படாமல் போவது விற்பனைக் கூடம். புது வாத்தியத்தைக் கையில் எடுத்த எவரும் மெல்ல ஊத மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரரை மிஞ்சும்படி உரக்க, உச்ச ஸ்தாயியில் ஊதுவார்கள். அட்டவணையில் அது ‘இடைவேளை’ என்று எழுதியிருக்கும்.

திருத்திய அட்டவணை: வார்ம்-அப் 25 நிமிடம், அதிலும் பாதி நடு ஸ்தாயிக்குக் கீழே, பகுதி வாரி ஒத்திகை 40, பெருங்குழு ஒத்திகை ஒன்றே ஒன்று, 50, போட்டி 15, வாத்தியங்களைப் பார்ப்பது 20, அதுவும் காலையில் அல்லது கச்சேரி முடிந்த பிறகு, கச்சேரி 20. கூட்டினால் 170 நிமிடம், மூன்று மணிக்கு உள்ளே. விட்டுப்போன நேரத்தைக் கேட்பதற்குக் கொடுக்கலாம்: மாஸ்டர் கிளாஸ், கல்லூரிக் குழுக்களின் 15 நிமிடக் கச்சேரிகள், விருந்தினர் வாசிப்பு. விருந்தினரின் கச்சேரி மதியம் 2 மணிக்கு வந்தால் எல்லோருடைய உதட்டுக்கும் ஒரு மணி நேர ஓய்வு கிடைக்கும். இரவு 8 மணிக்கு வைத்தால் அந்த ஓய்வு வீண்.

இன்னொரு வழி, ஒரு நோட்டு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் என்பதை வாசிக்கவும் பயன்படுத்துவது. நீண்ட வரிகளை ஒருவர் விட ஒருவர் எடுக்கும்படி நோட்டிலேயே குறித்துவிடலாம். ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஹார்னுக்கு உதவி ஹார்ன் ஒருவர் உட்காருவது இதே காரணத்துக்காகத்தான். பிள்ளைகளுக்கு இது வெட்கமாகப் படும். முதல் வரியில் விருந்தினரும் ஒரு மாணவரும் மாறி மாறி வாசித்துக் காட்டினால் வெட்கம் போய்விடும்.

64 ஹார்ன் ஒரே சுருதியில்

எஃப் ஹார்னின் (எஃப், பி-ஃபிளாட் என்பவை குழாயின் அடிப்படைச் சுரங்கள்) குழாயை நீட்டிப் போட்டால் சுமார் 3.7 மீட்டர், பி-ஃபிளாட் பக்கம் சுமார் 2.75 மீட்டர். இரண்டையும் ஒரே உடலில் சேர்த்த டபுள் ஹார்ன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வந்தது. பெருங்குழுவில் சுருதி கலைவதற்குப் பாதிக் காரணம் இந்த இரட்டைக் குழாய்.

குழாய்க்குள் காற்று 1 டிகிரி சூடானால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். குளிர்ந்த காரிலிருந்து எடுத்துவந்த ஹார்னில் உள்காற்று 18 டிகிரியிலிருந்து 24க்கு ஏறினால் 18 சென்ட். அதை ஸ்லைடால் (இழுத்து நீட்டும் குழாய்த் துண்டு) இறக்க, எஃப் பக்கத்துக்கு சுமார் 38 மில்லிமீட்டர் குழாய் கூடுதலாக வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் இருப்பதால் இழுக்க வேண்டியது அதில் பாதி, 19. பி-ஃபிளாட் பக்கத்துக்கோ 14 போதும். பல டபுள் ஹார்ன்களில் முதன்மை ஸ்லைடு இரண்டு பக்கத்துக்கும் பொது. அதை 19 இழுத்தால் எஃப் சரியாகும், பி-ஃபிளாட் இறங்கிப்போகும். மேல் சுரங்களை எல்லாரும் பி-ஃபிளாட்டில்தான் வாசிக்கிறார்கள் (எழுதிய ஜி-ஷார்ப், அதாவது இரண்டாம் கோட்டு ஜிக்கு அரைச் சுரம் மேலே, அங்கிருந்து மாறுவது பொது வழக்கம்). ஆக கீழ் வரிகள் சேர்ந்திருக்க, மேல் வரிகள் தாழ்ந்து ஒலிக்கும். நடத்துநர் ‘மேலே தூக்கு’ என்பார்; பிள்ளைகள் உதட்டை இறுக்குவார்கள்; உதட்டுக் கணக்கு மறுபடி எகிறும்.

செய்ய வேண்டியது: முதலில் பி-ஃபிளாட் பக்கத்தில் முதன்மை ஸ்லைடை வைத்துச் சரிபார்ப்பது, பிறகு எஃப் பக்கத்துக்கான தனி ஸ்லைடை மட்டும் தொடுவது. எட்டு எட்டுப் பேராக, பத்து நிமிடம் ஊதிச் சூடேறிய பிறகு. வாசலில் நுழைந்த உடனே டியூனரை நீட்டுவது நேர விரயம். சென்னையில் இதைச் செய்வோருக்குக் கணக்கு தலைகீழ்: 32 டிகிரி வராந்தாவில் சுருதி சேர்த்துவிட்டு ஏசி அரங்கில் அரை மணி மேடை ஓரம் காத்திருந்தால், ஏறியிருந்த சுருதி இறங்கிக் கிடக்கும்.

வலக் கை இன்னொரு சுருதிப் பெட்டி. பெல்லுக்குள் (ஹார்னின் விரிந்த வாய்) கையை மூடினால் சுருதி இறங்கும், திறந்தால் ஏறும். பாதிப் பிள்ளைகள் பெல்லை வயிற்றோடு ஒட்டவைத்து ஊதுவார்கள். ஒலி போர்வைக்குள் கேட்பதுபோல் இருக்கும். முழுக்க அடைத்து ஊதும் ‘ஸ்டாப்டு’ சுரங்கள் வந்தால் எஃப் பக்கத்தில்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும். அங்கே அது அரைச் சுரம் ஏறும், விரலை அரைச் சுரம் கீழே போட்டால் தீர்ந்தது. பி-ஃபிளாட்டில் ஏற்றம் அரைச் சுரத்தோடு நிற்காது. எந்த விரலும் சரியாக உட்காராது.

கீழ் வரிகள்

எட்டுத் தனிக் குரல் வரிகளாக எழுதிய இசைக்கு 64 பேரை எட்டால் வகுத்து வரிக்கு எட்டுப் பேர் போடுவது அச்சுத் தவறு மாதிரி, பார்க்க ஒழுங்காக இருக்கும், கேட்க நன்றாக இருக்காது. அடி வரிகள் மெலிந்து, மேலே கூச்சல் மிஞ்சும். மேல் நான்கு வரிக்கு ஆறாறு பேர் (24), கீழ் நான்குக்குப் பத்துப் பத்துப் பேர் (40) என்று பிரித்தால் அடித்தளம் நிற்கும்.

கீழ் வரிக்கு யாரைப் போடுவது? ‘சுலபம்’ என்று சொல்லிச் சிறு பிள்ளைகளை அங்கே தள்ளுவது வழக்கம். இது தப்பு. கீழ் ஸ்தாயிக்கு நிறையக் காற்றும், தாடையை இறக்கி உதட்டைத் தளர்த்தத் தெரிந்த பழக்கமும் வேண்டும். பன்னிரண்டு வயதில் அது வராது. பெரியவர்களும் கல்லூரி மாணவர்களும் அடியில் உட்கார, பள்ளிப் பிள்ளைகள் நடுவில் இருப்பதே நல்லது.

அதோடு பாஸ் கிளெஃப் (கீழ்ச் சுரங்களை எழுதும் குறி) பொறி ஒன்று உண்டு. பழைய முறையில் ஹார்னுக்கு பாஸ் கிளெஃபில் எழுதிய சுரம் எழுதியதைவிட நான்காம் இடைவெளி மேலே ஒலிக்கும். புதிய முறையில் ஐந்தாம் இடைவெளி கீழே. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக ஓர் அஷ்டமம், அதாவது ஒரு முழு ஸ்தாயி. ஒரே வரியில் இருக்கும் பத்துப் பேரில் நான்கு பேர் பழைய முறையாகப் படித்தால் கீழ்ச் சுரம் இரண்டாகப் பிளந்து ஒலிக்கும். ஆனாலும் யாரும் ‘தப்பு’ என்று கை தூக்க மாட்டார்கள், ஏனென்றால் அஷ்டமம் பொருந்தித்தானே கேட்கிறது. நோட்டின் தலையில் ‘புதிய முறை’ என்று ஒரு முத்திரை போட்டால் முடிகிற காரியம், இருபது நிமிட ஒத்திகையைத் தின்றுவிடும்.

உட்காரும் இடத்துக்கு வருவோம். ஹார்னின் வாய் பின்னால், வலப்புறம் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் வழிகாட்டியாக இருப்பவரை அந்த வரியின் இடக் கோடியில் வைத்தால் அவருடைய ஒலி மற்றவர்களுக்குக் கேட்கும். ஆர்க்கெஸ்ட்ராக்களில் இந்த வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். பயிற்சி பெறாத 64 பேருக்கு இதுவே பாதுகாப்பு. வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசைக்காரரின் முகத்தில் முன்வரிசையின் பெல். கைப்பிடி இல்லாத, தட்டையான நாற்காலிகள். ஒரு பெட்டி நுரைக் காதடைப்பான்.

பின்சுவர் ஐந்து மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒலி போய்த் திரும்பப் பத்து மீட்டர். கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் தாமதம். அந்தச் சுவரை நம்பித் தாளம் பிடித்தால் கடைசி வரிசை எப்போதும் இழுவையாகவே இருக்கும். கேட்டு வாசிக்காதே, நடத்துநரின் கோலைப் பார்த்து வாசி என்று சொல்ல வேண்டிய அபூர்வ இடம் இது. சுவர் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் சிக்கல் குறையும். திரைச்சீலை இருந்தால் விலக்கிவிடுங்கள். ஹார்ன் ஒலியை அதுபோல் விழுங்குவது வேறில்லை.

நோட்டுப் பிரதிகளுக்கு ஒரு வார்த்தை: வாங்கிய ஒரு தொகுதி எட்டுப் பேருக்கானது. வரிக்குப் பத்துப் பேருக்கு நகல் எடுக்கப் பதிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கடைசி வாரத்தில் கேட்டால் பதில் வராது.

போட்டியும் பியானோவும்

தனிவாசிப்புப் போட்டியில் முதலில் முறிவது பியானோ வாசிப்பவரின் முதுகு. 20 போட்டியாளர், ஆளுக்கு 30 நிமிட ஒத்திகை என்றால் 10 மணி நேரம். போட்டிக்கு ஆளுக்கு 10 நிமிடமாக இன்னொரு 200 நிமிடம். ஒருவரால் ஆகாது. மூன்று பேர் வேண்டும், அவர்களுக்குப் பணமும் வேண்டும். வரவு செலவில் விருந்தினர் ஊதியத்துக்கு அடுத்து பெரிய வரி இதுதான், அறிவிப்புகளில் கண்ணுக்கே தெரியாத வரியும் இதுதான்.

ஆர்க்கெஸ்ட்ரா தேர்வு ஒத்திகை மலிவு: திரைக்குப் பின் நின்று, பெயருக்குப் பதில் எண்ணோடு, குறித்த பகுதிகளை வாசிப்பது. பியானோ வேண்டாம். 24 பேர், ஆளுக்கு 6 நிமிட வாசிப்பு, 2 நிமிடம் நடுவர் எழுத: 192 நிமிடம். அந்த 2 நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பட்டறையின் மிகப் பெரிய பயன் போய்விடும், அதாவது எழுத்துக் குறிப்பு. ‘நன்று, தாளம் கவனி’ என்ற குறிப்பால் யாருக்கும் உபயோகமில்லை. ‘மூன்றாம் வரியில் நீண்ட சுரத்தை முழு நீளம் பிடிக்காததால் அடுத்த சுரம் முந்துகிறது’ என்றால் திங்கட்கிழமை பயிற்சிக்குப் பொருள் உண்டு. அச்சிட்ட படிவத்தில் சுருதி, தாளம், ஒலி, பாணி என்று நான்கு கட்டம் போதும். அதன் நகல் அந்த வாரமே பேண்ட் ஆசிரியருக்கும் போக வேண்டும்.

பழுது மேசை

இரண்டு நாளும் ஒரு பழுதுக்காரர் ஒரு மேசையோடு இருந்தால் பாதிப் பஞ்சாயத்து தீரும். முதல் வியாதி மவுத்பீஸ் மாட்டிக்கொள்வது. இழுப்பான் கருவி இருந்தால் ஒரு நிமிட வேலை, கையால் முறுக்கினால் முன்குழாய் போய்விடும். இரண்டாவது வால்வு நூல் அறுவது. பின்னிய மெல்லிய நூல், மீன்பிடி நூலே போதும், வால்வுக்கு 20 சென்டிமீட்டர். முனையில் முடிச்சுப் போட்டு நெம்புகோல் கையின் துளை வழியே விட்டு, வால்வுத் தலையின் திருகைச் சுற்றி, மறுபடி கையின் நுனித் திருகுக்கு எட்டு வடிவில் கொண்டுவந்து, மற்ற இரண்டு நெம்புகோலோடு உயரம் சமமாகப் பார்த்து இறுக்க வேண்டும். உயரம் பார்க்காமல் இறுக்கினால் ஒரு விரல் மட்டும் பள்ளத்தில் விழும். எண்ணெய் மூன்று இடம்: ஸ்லைடு வழியே வால்வுக்குள், மூடியைக் கழற்றி அடித் தாங்கியில், பின்புறத் தண்டில். பிள்ளைகள் முதலாவதை மட்டும் போடுகிறார்கள். இறுகுவது மற்ற இரண்டில்.

இங்கிருந்து மாநாட்டுக்கு

வட்டாரப் பட்டறையில் கண்ணில் பட்ட மாணவரைச் சர்வதேச மாநாட்டுக்கு அனுப்பச் சங்கத்தில் வழிகள் உண்டு. ஜான் ஹாக்கின்ஸ் நினைவு உதவித்தொகை ஒன்று. டோரதி ஃபிரிசெல் பெயரிலான ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிப் போட்டியில் மேல் ஹார்ன், கீழ் ஹார்ன் என்று தனித் தனிப் பிரிவு. பட்டறையின் எட்டாம் வரியில் உட்கார்ந்து யார் கண்ணிலும் படாத கல்லூரி மாணவருக்கு அந்தக் கீழ்ப் பிரிவைக் காட்ட வேண்டியது வழிகாட்டியின் வேலை. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மூன்றாம் பகுதியின் நான்காம் ஹார்ன் தனிவாசிப்பு, ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனியில் எல்லாரும் சேர்ந்து கீழே இறங்கும் இடம், இவற்றை இப்போதே கையில் கொடுத்துவிடலாம். சந்தா கட்ட வழியில்லாத நாட்டு வாசிப்பாளர்களுக்கு மற்ற உறுப்பினர்கள் கட்டுகிற ஏற்பாடும் சங்கத்தில் இருக்கிறது. இது வெளிநாட்டு மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் பதிவின் மீதே தீர்மானமாகிறது. மைக்கை பெல்லுக்குப் பின்னால் வைத்தால் மூச்சும் கையசைவும் பெரிதாகும். வாசிப்பவருக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலை உயரத்துக்கு மேல், பின்னால் வெறும் சுவர். ஃபோனில் பதிவு செய்தால் ஒலி அளவைத் தானே மாற்றும் வசதியை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிடும். 2020, 2021இல் மாநாடே இணையத்துக்குப் போனபோது எல்லாரும் பட்ட பாடு இன்னொன்று: ஜூமின் இரைச்சல் நீக்கி, அசையாத நீண்ட சுரத்தை மின்விசிறிச் சத்தமாக நினைத்து அறுத்துவிடும். இசைக்கான அசல் ஒலி அமைப்பை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் பாடம் நடக்கும்.

விமானத்துக்கு பெல் கழற்றும் ஹார்ன் வசதி. அமெரிக்காவில் 2015 முதல் உள்ள விதிப்படி, இடம் இருந்தால் சிறு வாத்தியத்தைக் கைப்பையாக ஏற்க வேண்டும். ‘இடம் இருந்தால்’ என்பதுதான் அதில் கனமான சொல். முதல் அழைப்பிலேயே ஏறிவிடுவது நல்லது. பெட்டி அடியில் போக வேண்டி வந்தால் பெல்லுக்குள் துணி அடைத்து, வால்வு நெம்புகோல்களுக்கு மேல் எதுவும் அழுத்தாதபடி வைத்து, மவுத்பீஸை மட்டும் சட்டைப் பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவல் ஹார்ன் போய்ச் சேர்ந்த ஊரில் கிடைக்கும். பழகிய மவுத்பீஸ் கிடைக்காது.